ஃப்ளாஸ் போடும்போது கடைவாய்ப் பல் கூசுகிறதா? இவற்றைச் செய்யாதீர்கள்

"நூலை விட்டா கடைவாய்ப் பக்கம் சுரீர்ங்குது டாக்டர், அதான் நிறுத்திட்டேன்." பெங்களூரு அல்சூரில் என் கிளினிக்குக்கு வரும் நம்மவர்கள் பலர் இப்போதுதான் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான ஃப்ளாஸைப் பழகுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம், படிக்கிற காலத்தில் நான் செய்த தவறுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

பேஸ்ட்டால் கூச்சத்தை மறைப்பது

இன்றும் என்னால் பொறுக்க முடியாதது இதுதான். போன மாதம் ஓர் அம்மா வந்தார். ஆறு மாதமாகக் கூச்சத்துக்கான பேஸ்ட் தேய்த்திருக்கிறார். மேலே பார்த்தால் பல் முழுசாக, வெள்ளையாக இருந்தது. பல்லிடுக்கைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரே எடுத்தேன். இரண்டு பற்கள் உரசும் இடத்துக்குச் சற்றுக் கீழே சொத்தையின் கருநிழல், கிட்டத்தட்ட நரம்பு வரை. முன்பே வந்திருந்தால் ஓர் அடைப்போடு முடிந்திருக்கும். இப்போது வேர் சிகிச்சை, அப்புறம் கேப். என் பல்லுக்கும் அன்று இதே கதிதான்.

பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. அதற்கு அடியிலுள்ள டென்டினில் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள நீர் அசைந்தால் உள்ளே நரம்பு கூசும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட் அந்த நரம்பைக் கொஞ்சம் அடக்கும், அதுவும் சில வாரம் தேய்த்த பிறகு. ஈறு இறங்கி வேர் தெரியும் பல்லுக்கு அது நல்ல துணை. சொத்தையை அது நிறுத்தாது. ஒரே ஓர் இடம் மட்டும் கூசினால், இனிப்புக்கும் குளிர்ச்சிக்கும் அங்கேயே இழுத்தால், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கூசும் இடத்தை விட்டுவிடுவது

ஈறு வீங்கியிருந்தாலும் கூசும், இரத்தம் கசியும். மெதுவாகத் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் காட்டுங்கள்.

நூலை வெடுக்கென்று இறக்குவது

ஈறு கிழியும். முன்னும் பின்னும் ஆட்டி இறக்கி, பல்லை அணைத்தபடி வளையுங்கள்.

நூல் சிலும்புவதைக் கவனிக்காதது

எப்போதும் ஒரே இடத்தில் பிய்ந்தால், பழைய அடைப்பின் விளிம்பு துருத்தியிருக்கலாம். சொத்தையின் ஓரமாகவும் இருக்கலாம்.

கிராம்பு எண்ணெய் ஊற்றுவது

வேண்டாம். ஈறு வெந்துவிடும்.

கடிக்கும்போது வரும் வலியைச் சொல்லாதது

நிப்பட்டு, தட்டை மாதிரி எதையாவது கடித்து, வாயைத் திறக்கும் அந்த நொடியில் சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். அது பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. அந்தப் பக்கம் மெல்லாமல் இருங்கள். எந்தப் பல், எதைக் கடித்தபோது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.