பள்ளத்தாக்குப் புதரின் பழைய பதிவுகள்: எங்கே சறுக்குகிறோம்?

ஹெர்பேரியம் பதிவுகள், அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த செடிகளின் சேகரிப்புக் குறிப்புகள், இன்று இணையத்தில் அள்ளக் கிடைக்கின்றன. இறக்கிய கையோடு, செடி எங்கெங்கே வளர்ந்தது என்று புள்ளி வைத்து வரைபடம் போட உட்கார்ந்துவிடுகிறோம். தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் எந்தப் புள்ளியையும் நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வளரும் பிளாக்பிரஷ் புதரைப் பாருங்கள். ரோஜாக் குடும்பம்தான், ஆனால் பூவில் பெரும்பாலும் இதழே இருக்காது. மஞ்சளாகத் தெரிவது நான்கு புல்லிகள். சாம்பல் நிறக் கிளைகளின் நுனி முள்ளாக முடியும், மழையில் நனைந்தால் கறுத்துப்போகும். பள்ளத்தாக்கின் விளிம்புக்கும் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றுக்கும் நடுவே உள்ள டோன்டோ மேடையில் இது பரந்து கிடக்கிறது. தென் விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரம். கீழே ஆறு சுமார் 750. பழைய சீட்டில் வெறுமனே ‘கிராண்ட் கேன்யன்’ என்று இருந்து, பிற்பாடு யாரோ விளிம்பிலுள்ள ஊரின் ஆயத்தொலைவைப் போட்டிருந்தால், செடி பைன் காட்டில் போய் நிற்கும். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே அது பல நூறு மீட்டர் உயர வித்தியாசம். வெப்பமும் மழையும் வேறு.

அதனால் முதலில் உயரத்தைப் பாருங்கள். அடியா மீட்டரா என்பதையும் பாருங்கள். 4000 என்று மட்டும் இருந்தால் அது அடிதான்; அரிசோனாவின் மிக உயர்ந்த சிகரமே 3,851 மீட்டர்.

என்னை மிகவும் வருத்துவது வேறொரு தவறு. 1938இல் தாவரவியலாளர்களான எல்சாடா குளோவரும் லோயிஸ் ஜாட்டரும் கொலராடோ ஆற்றில் படகில் போய்ச் செடிகள் சேகரித்தார்கள். அவர்கள் கடந்த கிளென் கேன்யன் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி, 1963க்குப் பின் அணை நீரில் மூழ்கி பவல் ஏரியானது. அங்கே சேகரித்த செடிகளின் புள்ளிகள் இன்றைய வரைபடத்தில் தண்ணீருக்குள் விழும். நீரில் விழுந்தவை பிழை என்று மொத்தமாக நீக்கினால், அந்த நிலத்துக்கு மிஞ்சியிருக்கும் அரிய சாட்சியையும் அழித்துவிடுவோம்.

அப்புறம், ஒரே சேகரிப்பின் பிரதிகள் பல நிறுவனங்களுக்குப் போயிருக்கும். சேகரித்தவர் பெயர், எண், தேதி மூன்றும் ஒத்தால் ஒன்றாகவே எண்ணுங்கள்.

புள்ளி இல்லாத இடத்தில் செடி இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். சேகரித்தவர்கள் பாதையையும் ஆற்றையும் ஒட்டியே நடந்தவர்கள். அதே இடத்திலிருந்து மற்ற புதர்களின் தாள்கள் வந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை நிறைய இருந்து பிளாக்பிரஷ் மட்டும் இல்லையென்றால், அந்த இடைவெளியைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாம்.