கிறுக்குக் கேள்விகள வச்சு ஜாலியா மல்லுக்கு நிக்கிறது எப்படி

கோழி முதல்லயா முட்டை முதல்லயா, பூனை திடப்பொருளா திரவமா, ஸ்ட்ராவுக்கு ஓட்டை ஒண்ணா ரெண்டா, இப்படி ஒரு கேள்விய ராத்திரி பதினோரு மணிக்கு க்ரூப்ல யாராவது தூக்கிப் போட்டா அவ்ளோதான், தூக்கம் போச்சு. எனக்கு அந்த மாதிரி அரட்டைன்னா உசுரு. ஆனா பாதி அரட்டை பத்து நிமிஷத்துலயே படுத்துடும், ஒண்ணு யாராவது கூகுள்லேருந்து பதில எடுத்து ஒட்டிட்டுப் போயிடுவாங்க, இல்லன்னா நிஜ சண்டையாயிடும். ரெண்டும் ஆகாம விடிய விடிய ஓட்டுறது எப்படின்னுதான் இங்க எழுதுறேன். விளையாட்டாதான பேசுறோம்னு கேள்விய ஏனோதானோன்னு விட்டுடக் கூடாது, கேள்விக்கு முழு மரியாதை குடுத்தாத்தான் விளையாட்டே களைகட்டும், இதுதான் நான் சொல்ல வர்றது எல்லாத்துக்கும் அடிப்படை.

மொதல்ல கேள்விய தேர்ந்தெடுக்கிறது. கேட்ட உடனே யாரு வேணா ஒரு பதில் சொல்ற மாதிரி இருக்கணும், ஆனா அந்த பதிலுக்கு அடியில இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கணும். வானம் ஏன் நீலமா இருக்குன்னு கேட்டா ஸ்கூல் ஞாபகத்துல ஒருத்தர் சொல்லிடுவாரு, காத்துல இருக்கிற மூலக்கூறுங்க அலைநீளம் கம்மியான வெளிச்சத்த அதிகமா சிதறடிக்குதுன்னு. சரியான பதில்தான், அதோட முடிஞ்சிச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்க. அங்கதான் நீங்க உள்ள பூரணும், அப்போ ஊதா நிறத்துக்கு அலைநீளம் இன்னும் கம்மியாச்சே, சிதறல் அலைநீளத்தோட நாலாவது அடுக்குக்கு எதிர் விகிதத்துல போகுதே, 700 நானோமீட்டர் சிவப்போட ஒப்பிட்டா 400 நானோமீட்டர் ஊதா ஒன்பது மடங்குக்கு மேல சிதறுமே, வானம் ஊதாவால்ல இருக்கணும்? இப்போ க்ரூப் முழிச்சுக்கும். சூரிய வெளிச்சத்துல ஊதா பங்கு கம்மி, அதுலயும் கொஞ்சத்த மேல இருக்கிற காத்து உறிஞ்சிடுது, நம்ம கண்ணுக்கும் ஊதா மேல உணர்திறன் கம்மி, இதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். அப்புறம் யாராவது கேப்பாங்க பாருங்க, அப்படின்னா வானத்தோட நிறம் வானத்துல இருக்கா நம்ம கண்ணுல இருக்கான்னு, அறிவியல்ல ஆரம்பிச்சது தத்துவத்துக்குள்ள வந்து விழுந்திடுச்சு, இனி ராத்திரி பூரா ஓடும்.

தேடிப் பாக்குறதுக்கு முன்னாடி ஊகிக்கணும்ங்கிறது ரெண்டாவது விஷயம், இத நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்வேன். யாரும் கூகுள் பண்ணக் கூடாது, சாட்பாட்ட கேட்டு அது குடுக்கிற அஞ்சு பத்திய அப்படியே கொண்டாந்து கொட்டக் கூடாது, குறைஞ்சது எல்லாரும் ஒரு தடவ தன் சொந்த புத்தியில ஒரு பதில் சொல்ற வரைக்கும். சும்மா ஊகிக்க சொல்லல, கணக்கு போட்டு ஊகிக்கணும். உதாரணத்துக்கு, ஜூலியஸ் சீசர் கி.மு. 44ல சாகும்போது விட்ட கடைசி மூச்சுல ஒரு மூலக்கூறாவது இப்ப நான் இழுக்கிற மூச்சுல இருக்குமான்னு ஒரு பழைய கேள்வி இருக்கு. கேட்டா பைத்தியக்காரத்தனமா தெரியும். ஆனா ஒரு மூச்சு அரை லிட்டர்னு வச்சுக்கிட்டா அதுல சுமாரா 1க்குப் பின்னாடி 22 சைபர் போட்ட அளவு மூலக்கூறு, மொத்த காத்து மண்டலத்துல சுமாரா 1க்குப் பின்னாடி 44 சைபர், அப்போ மொத்த காத்துல சீசரோட மூச்சு எத்தனைல ஒரு பங்கோ அதே எண்ணிக்கைல மூலக்கூறு நம்ம ஒரு மூச்சுல இருக்கு, ஆக சராசரியா ஒரு மூச்சுக்கு ஒண்ணு கிடைக்கும்! இந்த கணக்கு ஸ்க்ரீன்ல வந்து விழும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அது தேடி எடுத்த பதில்ல வரவே வராது. உடனே ஒருத்தர் மடக்குவாரு, ஆக்ஸிஜன் அப்படியேவா இருக்கும், செடிக்குள்ளயும் உடம்புக்குள்ளயும் போய் வேற மூலக்கூறா மாறியிருக்குமே, நைட்ரஜனுக்கு வேணா உங்க கணக்கு ஒத்து வரும்னு. மடக்குனவர கொண்டாடுங்க, அவரு கேள்விய இன்னும் கூர்மையாக்கிட்டாரு.

மூணாவது, இதுலதான் பெரும்பாலான சண்டை தீரும் அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். எந்த கேள்வியிலயும் உலகத்த பத்தின பாதி ஒண்ணு இருக்கும், நாம எப்படி கோடு போட்டுப் பிரிக்கிறோம்ங்கிற பாதி ஒண்ணு இருக்கும், ரெண்டயும் தனித்தனியா பிரிச்சு வைக்கணும். கோழி முட்டைய எடுத்துக்கோங்க. தரையில முட்டை போட்ட உயிரினங்க 30 கோடி வருஷத்துக்கு முன்னாடியே இருந்துச்சு, காட்டுக்கோழியிலேருந்து நம்ம வீட்டுக்கோழி வந்து சில ஆயிரம் வருஷம்தான் ஆகுது, அதனால முட்டைன்னு பொதுவா கேட்டா முட்டைதான் முதல்ல, இதுல வாதத்துக்கே இடமில்ல. ஆனா எதிராளி விடமாட்டாரு, நான் கேட்டது கோழிமுட்டைய பத்திம்பாரு. சரி, கோழிமுட்டைன்னா கோழி போட்ட முட்டையா, கோழி வெளிய வர்ற முட்டையா? முதலாவதுன்னா கோழி ஜெயிக்குது, ரெண்டாவதுன்னா முட்டை ஜெயிக்குது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, தலைமுறை தலைமுறையா கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டு வந்த ஒரு இனத்துல இதுதான் முதல் கோழின்னு ஒண்ண கை காட்ட முடியுமா? இது கி.மு. நாலாம் நூற்றாண்டுல யூபுலிடீஸ்ங்கிற கிரேக்க தத்துவ அறிஞர் பேர்ல சொல்லப்படுற மணல் குவியல் புதிரேதான், ஒவ்வொரு மணலா எடுத்துக்கிட்டே வந்தா எந்த மணல எடுக்கும்போது குவியல் குவியலா இல்லாம போகுதுன்னு கேப்பாங்களே, அது. பாத்தீங்களா, அலுத்துப் போன கோழி எங்க கொண்டுவந்து விட்டிருக்குன்னு.

வில்லியம் ஜேம்ஸ்னு ஒரு தத்துவ அறிஞர் 1907ல இதே மாதிரி ஒரு சண்டைய பத்தி எழுதியிருக்காரு. மரத்துல ஒரு அணில் ஒட்டிக்கிட்டு இருக்கு, மரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆளு, அவன் சுத்த சுத்த அணிலும் அதே வேகத்துல நகர்ந்து எப்பவும் மரத்துக்கு அந்தப் பக்கமே இருக்கு, இப்போ அவன் மரத்த சுத்துறான் சரி, அணில சுத்துறானா இல்லையா? மலைக்கு முகாம் போன கூட்டம் ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டு இருந்துச்சாம். சுத்துறதுன்னா அணிலுக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்குன்னு மாறி மாறி நிக்கிறதா, இல்ல அணிலுக்கு முன்னாடி, வலப்பக்கம், பின்னாடி, இடப்பக்கம்னு மாறி நிக்கிறதா, முதல்ல அத சொல்லுங்க, முடிஞ்சிடும்னாரு ஜேம்ஸ். ஆனா ஒரு எச்சரிக்கை, இந்த ஆயுதத்த ஆரம்பத்துலயே எடுத்துட்டா ஆட்டமே இருக்காது. நாலஞ்சு ரவுண்டு அடிச்சுக்க விடுங்க, ரெண்டு பக்கமும் சூடேறட்டும், அப்புறமா எடுங்க.

"எந்த அளவுல பாக்குறோம்"னு கேக்குறதும் இதே குடும்பம்தான். பூனை திரவம்னு நெட்ல படம் போட்டு சிரிச்சாங்க இல்லையா, மார்க் அந்துவான் ஃபார்தான்னு ஒரு பிரெஞ்சு இயற்பியலாளர் அத நிஜமாவே எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதினாரு, முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற இக் நோபல் பரிசும் 2017ல வாங்கினாரு. ஒரு பொருள் பாத்திரத்தோட வடிவத்துக்கு மாற எடுத்துக்கிற நேரத்த நாம அத கவனிக்கிற நேரத்தால வகுத்துப் பாக்கணும், கவனிக்கிற நேரம் ரொம்ப அதிகம்னா அது திரவம் மாதிரி நடந்துக்கும், ரொம்ப கம்மின்னா திடப்பொருள் மாதிரி. அதனால தாவுற பூனை திடம், கண்ணாடி ஜாடிக்குள்ள சுருண்டு கிடக்கிற பூனை திரவம். இத ஒருத்தர் எடுத்துச் சொன்னா பூனை படம் அனுப்புற ஆளுங்க கூட ஓட்டவியல், அதாவது பொருள் எப்படி வழிஞ்சு ஓடுதுங்கிற அறிவியல், பேச ஆரம்பிச்சிடுவாங்க.

அடுத்து ஒரு பக்கம் நிக்கணும். நியாய சாஸ்திரம்னு நம்ம நாட்டுப் பழைய தர்க்க சாஸ்திரம் ஒண்ணு இருக்கு, அதுல விவாதத்த மூணா பிரிச்சு வச்சிருக்காங்க, உண்மைய தெரிஞ்சுக்கப் பேசுறது வாதம், எப்படியாவது ஜெயிக்கப் பேசுறது ஜல்பம், தனக்குன்னு ஒரு நிலைப்பாடே வச்சுக்காம அடுத்தவன் சொல்றத மட்டும் உடைக்கிறது விதண்டை. ஜாலி அரட்டைய கொல்றது இந்த மூணாவதுதான், எல்லாத்துலயும் ஓட்டை சொல்வாரு, நீங்க என்னதான் சொல்றீங்கன்னு கேட்டா நழுவிடுவாரு. அதனால தப்பா இருந்தாலும் பரவால்லன்னு கழுத்த நீட்டுங்க, "ஸ்ட்ராவுக்கு ஓட்டை ஒண்ணுதான், உயிர் போனாலும் ரெண்டுன்னு ஒத்துக்க மாட்டேன்"னு அடிச்சுப் பேசுங்க. ஸ்ட்ராவ வெட்டி வெட்டி குட்டையாக்கிட்டே வந்தா கடைசியில வளையம் மிஞ்சும், வளையத்துக்கு ஓட்டை ஒண்ணுதான, வெட்டுறதுல எந்த இடத்துல ரெண்டு ஒண்ணாச்சுன்னு கேளுங்க. எதிராளி டீசர்ட்ட கொண்டு வருவாரு, தலைக்கு ஒண்ணு கைக்கு ரெண்டு இடுப்புக்கு ஒண்ணு, மொத்தம் நாலு ஓட்டையான்னு. டோபாலஜி, அதாவது கிழிக்காம ஒட்டாம இழுத்து வளைச்சாலும் மாறாதத பாக்குற கணிதம், அதோட கணக்குப்படி மூணு! ஏன் மூணுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க.

கிண்டல் பண்ணலாம், தாராளமா பண்ணலாம், ஆனா வாதத்த பண்ணுங்க ஆள பண்ணாதீங்க. டைப் பண்ணும்போது குரலும் போகாது முகமும் தெரியாது, நேர்ல சிரிச்சுக்கிட்டே "உனக்கென்னடா தெரியும்"னு சொல்றது ஸ்க்ரீன்ல பாக்கும்போது அறையுற மாதிரி இருக்கும், ஒரு ஸ்மைலி எல்லாத்தயும் காப்பாத்திடாது. அவரு சொன்னத அவரே ஆமான்னு தலையாட்டுற அளவுக்கு நல்லா திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் கலாய்ங்க, அப்போ அவருக்கும் சிரிப்பு வரும்.

வாய அடைக்கிற வசனங்க சிலது இருக்கு, "எல்லாம் அவங்கவங்க பார்வைய பொறுத்தது", "எல்லாமே மாயை", "நாமளே ஒரு சிமுலேஷன்தான்". இதுக்கு கோவப்படாதீங்க, உள்ள இழுத்துப் போடுங்க. நாம கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற போலி உலகம், அதாவது சிமுலேஷன்னு சொல்றவர்கிட்ட, தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ராம் 2003ல சொன்னது அது இல்லயேன்னு சொல்லுங்க, மூணுல ஒண்ணாவது உண்மையா இருக்கணும்னுதான் அவரு சொல்றாரு, நம்மள மாதிரி இனங்க அந்த அளவு வளர்றதுக்குள்ள அழிஞ்சிடும், இல்ல வளர்ந்தாலும் முன்னோர்கள சிமுலேட் பண்ண அக்கறை காட்டாது, இல்ல நாம அநேகமா சிமுலேஷனுக்குள்ள இருக்கோம். நீங்க ஏன் நேரா மூணாவதுல போய் உக்காந்தீங்க, முதல் ரெண்ட எப்படி தள்ளுனீங்கன்னு கேளுங்க. மூடப் போன கதவு திறந்துக்கும்.

"இதெல்லாம் வெட்டிப் பேச்சு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் தவளைய காந்தத்தால அந்தரத்துல மிதக்க விட்டதுக்கு 2000ல இக் நோபல் வாங்கினவரு, அதே ஆளு கிராஃபீன்ங்கிற ஒரே அணு கனமான கார்பன் தகடு பத்தின ஆராய்ச்சிக்கு 2010ல நிஜ நோபல் வாங்கினாரு. கேன்டீன்ல யாரோ தட்ட தூக்கிப் போட அது ஆடிக்கிட்டே சுத்துனத பாத்து, சும்மா வேடிக்கைக்கு கணக்கு போட்டவரு இயற்பியலாளர் ஃபைன்மேன், அங்க ஆரம்பிச்ச யோசனைதான் தன்ன நோபல் வரைக்கும் கொண்டு போச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. இத அந்த ஆள மட்டம் தட்ட சொல்லாதீங்க, அவரையும் விளையாட்டுக்குக் கூப்பிட சொல்லுங்க.

தோத்தா சத்தமா ஒத்துக்கோங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டமே இதுதான். தீசியஸ் கப்பல் பேச்சு வரும், பலகை எல்லாத்தயும் ஒவ்வொண்ணா மாத்திட்டா அது அதே கப்பலான்னு, கழட்டிப் போட்ட பழைய பலகைய சேர்த்து இன்னொரு கப்பல் கட்டுனா எது நிஜம்னு தத்துவ அறிஞர் ஹாப்ஸ் ஒரு படி மேல போய் கேட்டதும் வரும், உடனே ஒருத்தர் நம்ம உடம்பே ஏழு வருஷத்துல மொத்தமா புதுசாகுதுன்னு அடிப்பாரு. கேக்க நல்லா இருக்கும், ஆனா அப்படி இல்ல. ரத்தச் சிவப்பணு சுமாரா 120 நாள்ல மாறுது, குடலோட உள் தோல் சில நாள்லயே மாறுது, மூளையோட மேல்பகுதி நரம்பு செல்கள் பெரும்பாலும் பொறந்ததுலேருந்து கூடவே இருக்கு. 1950கள்ல, 60கள்ல நடந்த அணுகுண்டு சோதனைல காத்துல ஏறுன கார்பன் 14ங்கிற கதிரியக்க கார்பன் செல்லுக்குள்ள எவ்ளோ இருக்குன்னு வச்சுத்தான் செல்லோட வயசயே அளந்தாங்க. இது தெரிஞ்சதும் ஏழு வருஷம்னு சொன்னவரு "சரி, நான் விட்டுட்டேன், ஆனா மாறாத அந்த மூளை செல்லுக்குள்ள இருக்கிற அணுக்களாவது மாறிக்கிட்டு இருக்காதா"ன்னு கேட்டா, அவருதான் அன்னிக்கு ராத்திரி ஹீரோ.

எல்லா கேள்விக்கும் எல்லா நேரமும் ஒத்து வராது. சாவு, விதி, கஷ்டத்துக்கு அர்த்தம் உண்டா இதெல்லாம் சில நாள் புதிரா வரும், சில நாள் வலியா வரும். ஒருத்தர் திடீர்னு "செத்ததுக்கப்புறம் என்ன ஆகும்"னு கேட்டா உடனே சாவு நமக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்ன கிரேக்க தத்துவ அறிஞர் எபிகுரஸ எடுத்து விடாதீங்க, என்னாச்சுன்னு தனியா ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க. அவரு சும்மாதான் கேட்டேன்னு சொன்னா அப்புறம் எபிகுரஸ் வரட்டும்.

ஆரம்பிக்க ஒண்ணு வேணும்னா இத எடுத்துக்கோங்க, கண்ணாடி ஏன் இடது வலத்த மட்டும் மாத்துது, மேல கீழ மாத்த மாட்டேங்குது? விவரமான ஒருத்தர் உடனே சொல்லிடுவாரு, அது ரெண்டயும் மாத்தல, முன்ன பின்னதான் மாத்துதுன்னு. சரிதான். அவரு சொல்லி முடிச்சதும் கேளுங்க, அப்போ பாக்குற நம்ம எல்லாருக்குமே அது ஏன் இடது வலம் மாறின மாதிரியே தெரியுது, படுத்துக்கிட்டு பாத்தா என்ன ஆகும், ஒரு கண்ண மூடிக்கிட்டா? யாராவது ஒருத்தர் போன வச்சுட்டு கண்ணாடி முன்னாடி போய் படுத்துப் பாத்துட்டு வந்து சொல்ற வரைக்கும் விடாதீங்க.