மூலையில் இடைவெளி தெரியாமல் ஸ்கர்ட்டிங் ஒட்டுவது எப்படி?

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு ஹாலில் டைல் ஒட்டியபோது ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையை, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டோம். அந்த அப்புறம் வர எட்டு வருஷம் ஆனது. அதற்குள் துடைப்பமும் மாப்பும் உரசி, சுவரின் அடியில் நாலு அங்குலத்துக்கு வீடு முழுக்க ஒரு அழுக்குப் பட்டை. இப்போது டைல் ஸ்கர்ட்டிங் போட வேண்டுமென்றால் சுவரைக் கொத்த வேண்டும். அதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. அதனால் சுவர் மேலேயே ஒட்டும் பட்டை வாங்கி நானே ஒட்டினேன். நேரான சுவரில் ஒட்டுவது ஒரு வேலையே இல்லை. மூலைதான் என்னை மூன்று நாள் உட்கார வைத்தது. ஆகவே இந்தப் பதிவில் பெரும்பகுதி மூலையைப் பற்றித்தான்.

என்ன வாங்குவது

கடற்கரை வீட்டுக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டை வேண்டாம். விலை குறைவு, பார்க்க அழகு, ஆனால் ஈரம் பட்டால் அப்பளம் போல உப்பும். தேக்கு நல்லது, செலவும் கரையான் மருந்தும் உங்கள் பொறுப்பு. நான் வாங்கியது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பட்டை: 8 அடி நீளம், 4 அங்குல உயரம், 15 மி.மீ. தடிமன். முதல் தடவை செய்கிறவர்கள் தட்டையான பட்டையாக வாங்குங்கள். மேல் விளிம்பில் வளைவு வைத்தது வீட்டில் பிடித்துப்போனதால் நான் அதை வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்த வளைவை மூலையில் எப்படிச் சேர்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

இரும்பு ஆணி, சாதா ஸ்க்ரூ பக்கமே போகாதீர்கள். 1914-லிருந்து ஓடிய பாம்பன் பழைய ரயில் பாலத்தையே துருவிலிருந்து காப்பாற்றப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது; 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது. நம் ஸ்க்ரூ எம்மாத்திரம்! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் வேண்டும். அதிலும் 304, 316 என்று தரம் உண்டு. 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும். 304 என்றால் நாளடைவில் தலையில் தேநீர்க் கறை மாதிரி படியலாம். தலையை மூடிப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் 304 போதும்.

கருவிகள்: மைட்டர் பாக்ஸ் (சாய்வாக வெட்டும்போது ரம்பம் விலகாமல் ஓடப் பள்ளம் வைத்த பெட்டி), பல் நெருக்கமான கைரம்பம், வில் மாதிரிச் சட்டத்தில் நூல் கனத்துக்கு பிளேடு மாட்டிய சின்ன ரம்பம் (கடையில் கோப்பிங் சா என்று கேளுங்கள்), ஒரு அரைவட்ட அரம், உப்புத்தாள், டேப், பென்சில், மாஸ்கிங் டேப், டிரில் மெஷின். ஒட்டுவதற்குக் கட்டுமானப் பசை. அடியில் பூச சிலிகான், மேல் விளிம்புக்கு அக்ரிலிக் சீலன்ட். இந்த இரண்டையும் மாற்றிப் பூசிவிடாதீர்கள், சிலிகான் மேல் பெயிண்ட் நிற்காது.

முதலில் சுவர்

நம் பக்கம் சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்து, தொட்டால் மாவாகக் கொட்டும். அதன் மேல் பசை தடவினால் பசை பெயிண்டைப் பிடிக்கும், பெயிண்ட் சுவரைப் பிடிக்காது. ஆறு மாதத்தில் பட்டை பெயிண்டோடு கையில் வரும். ஆகவே நாலு அங்குல உயரத்துக்குப் பட்டித் தகட்டால் கெட்டியான பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய் உட்காரும், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். இந்த வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரத்தோடு இருக்கும்போது எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால் (தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரில் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள்) டிரில் போடும்போது ஓட்டை பொலபொலவென்று பெரிதாகும். அங்கே நீளமான பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) வேண்டும், ஸ்க்ரூவைவிடப் பசையை அதிகம் நம்ப வேண்டும்.

மூலையை அளப்பது

நான் செய்த முதல் தப்பு, மூலை என்றால் 90 டிகிரி, அதில் பாதி 45 என்று கணக்குப் போட்டு நாலு பட்டையையும் முதலிலேயே வெட்டியது. நாலில் ஒன்றுகூடச் சரியாகச் சேரவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எந்த வீட்டுல தம்பி மூலை மூலையா இருக்கு? கொத்தனார் கை ஓய்ஞ்ச இடம்தான் மூலை." உண்மைதான். பூச்சு வேலையில் கரணை மூலைக்குள் நன்றாகப் புகாது. அங்கே சிமெண்ட் கொஞ்சம் திரண்டு நிற்கும்.

அளக்கக் கொத்தனார்களின் 3-4-5 கணக்கு போதும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., இன்னொரு சுவரில் 80 செ.மீ. குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்கே அளந்தால் சரியாக 100 செ.மீ. வந்தால் 90 டிகிரி. எங்கள் ஹாலில் ஒரு மூலையில் 101 வந்தது. அப்படியென்றால் சுமார் 91.2 டிகிரி. ஒரு செ.மீ. கூடினால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் விரிகிறது, குறைந்தால் அதே அளவு இறுகுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 91.2 மூலையில் இரண்டு 45-ஐச் சேர்த்தால் முன்பக்கம் அரை மி.மீ. திறந்து நிற்கும். அரை மி.மீ.தானே என்று நினைப்பீர்கள். வெள்ளைப் பட்டையில் அது பென்சிலால் கோடு போட்ட மாதிரி தெரியும்.

உள்மூலை: சாய்வாக வெட்டிச் சேர்க்காதீர்கள்

உள்மூலையில் இரண்டு பட்டையையும் 45-இல் வெட்டிச் சேர்க்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். அண்ணன் காட்டிய வழி இது: ஒரு பட்டை நேர்வெட்டோடு சுவரை நோக்கி ஓடட்டும், இன்னொரு பட்டையின் முனையை முதல் பட்டையின் முகத்துக்கு ஏற்ற வடிவில் அறுத்து அதன் மேல் சாத்துங்கள். மூலை 88 ஆக இருந்தாலும் 92 ஆக இருந்தாலும் இது பொருந்தும்.

எந்தப் பட்டையை நேராக விடுவது? வாசலில் நின்று பார்த்தால் எதிரே தெரியும் சுவரின் பட்டை முதலில், நேர்வெட்டு. பக்கச் சுவர்ப் பட்டைகள் இரண்டும் அதன் மேல் வந்து சாத்தும். இப்படி வைத்தால் சேர்ப்பில் சின்ன இடைவெளி இருந்தாலும் உள்ளே வருகிறவர் கண்ணில் படாது.

எதிர்ச்சுவர்ப் பட்டையின் இரு முனையிலும் சுவரைத் தொடாமல் 2 மி.மீ. விடுங்கள். 8 அடிப் பட்டை, 15 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. வரை நீளும். இடம் இல்லாவிட்டால் மே மாதம் நடுவில் முதுகு வளைத்து எழும்பும். அந்த 2 மி.மீ.யைப் பக்கப் பட்டை மறைத்துவிடும்.

இப்போது வளைவு அறுப்பது. பக்கச் சுவர்ப் பட்டையை மைட்டர் பாக்ஸில் சுவரில் நிற்கிற மாதிரியே நிமிர்த்தி வைத்து 45-இல் வெட்டுங்கள். பின்பக்கம் நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டும். வெட்டிய முகமும் பட்டையின் முன்முகமும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள்: அதுதான் நமக்கு வேண்டிய வடிவம். அந்த விளிம்பு மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். கைரம்பத்தால் கீழே உள்ள நேர்ப்பகுதியையும், மெல்லிய ரம்பத்தால் மேலே வளைவையும் அந்தக் கறுப்புக் கோட்டை ஒட்டி அறுங்கள். ரம்பத்தை நேராகப் பிடிக்காமல் பின்பக்கம் கூடுதலாக அறுபடும்படி லேசாகச் சாய்க்க வேண்டும். முன்னே நகநுனி அளவு விளிம்புதான் மற்றப் பட்டையைத் தொட வேண்டும். கறுப்புக் கோடு பாதி மிஞ்சும்போது ரம்பத்தை வைத்துவிட்டு அரத்தை எடுங்கள். ஒரு துண்டுப் பட்டையை அதன் மேல் சாத்திச் சாத்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் ஓர் இழுப்பு.

முதல் முனைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆறாவது முனைக்குப் பத்து நிமிஷம். அதனால் பீரோவுக்குப் பின்னால் மறையும் மூலையில் தொடங்குங்கள். நீளம் அளக்கும் முன்பே முனையை அறுத்துச் சரிபார்த்துவிட்டு, மறுமுனையை அப்புறம் வெட்டுங்கள். முனை கெட்டாலும் அரை அடியோடு போகும், முழுப் பட்டை போகாது.

தட்டைப் பட்டை வாங்கியவர்களுக்கு இந்த வளைவு வேலை இல்லை. மேலிருந்து கீழே சுவர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தச் சாய்வில் முனையை வெட்டிச் சாத்தினால் முடிந்தது.

வெளிமூலை: தரையிலேயே வரைந்துகொள்ளுங்கள்

எங்கள் ஹாலில் சுவரிலிருந்து ஒரு தூண் புடைத்து நிற்கிறது. அதனால் மட்டும் இரண்டு வெளிமூலையும் கூடுதலாக இரண்டு உள்மூலையும். வெளிமூலையில் சாய்வெட்டைத் தவிர வேறு வழி கிடையாது. ஆனால் கோணமானி தேவையில்லை.

மூலையின் அடியில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு துண்டுப் பட்டையைச் சுவரோடு நெருக்கி, மூலையைத் தாண்டி நீளும்படி வைத்து, அதன் வெளி விளிம்பைப் பென்சிலால் டேப்பில் இழுங்கள். மறுபக்கச் சுவரிலும் அப்படியே. இரண்டு கோடும் ஒரு புள்ளியில் வெட்டும். அந்தப் புள்ளிதான் பட்டைகளின் முன் நுனி சேரும் இடம். சுவரின் மூலைதான் பின் நுனி. இரண்டையும் சேர்த்தால் வருவதே வெட்டுக்கோடு, மூலை எத்தனை டிகிரியாக இருந்தாலும் சரி. பட்டையை அதன் இடத்தில் வைத்து அடி விளிம்பில் இரண்டு புள்ளியையும் குறித்து, வெட்டுக் குறியிலிருந்து அரை மி.மீ. தள்ளி, நீளம் மிச்சமிருக்கும்படி அறுங்கள். மைட்டர் பாக்ஸின் 45 பள்ளம் கோட்டுக்குப் பொருந்தாவிட்டால் பட்டைக்குப் பின்னால் ஒரு அட்டைத் துண்டைச் செருகித் திருப்பிக்கொள்ளலாம்.

அறுத்தபின் முன் நுனியைத் தொடாமல், வெட்டிய முகத்தின் பின்பகுதியில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. பின்னே மயிரிழை இடைவெளி இருந்தால்தான் முன் நுனிகள் இறுகச் சேரும். சேர்த்து வைத்து, சூப்பர் குளூ தடவி, டேப் சுற்றி ஒரு நிமிஷம் பிடியுங்கள்.

இங்கே நான் இரண்டு பட்டை வீணாக்கினேன், சாய்வை எதிர்ப்பக்கம் வெட்டி. அதற்கு மருந்து: ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் எந்தச் சுவர், எது மேல்பக்கம், சாய்வு எந்தத் திசையில் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டுத்தான் ரம்பத்தைத் தொடுவது.

ஒட்டுவது

எல்லாப் பட்டையையும் பசையில்லாமல் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். சரியாக இருந்தால் முதுகில் பசையை வளைவு வளைவாகத் தடவி, அழுத்தி, இரண்டடிக்கு ஒரு ஸ்க்ரூ. பிளக் பாயின்ட்டுக்கு நேர் கீழே டிரில் போடாதீர்கள், உள்ளே ஒயர் இறங்கியிருக்கும். பட்டை முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் ஓட்டை வேண்டாம், பட்டை பிளந்துவிடும். ஸ்க்ரூ தலை மூழ்கும்படி பள்ளம் வைத்து, அதை நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போடுங்கள்.

நாம் தரையைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறவர்கள். அதனால் பட்டைக்கும் தரைக்கும் நடுவே 2 மி.மீ. விட்டு, அதைச் சிலிகானால் நிரப்புங்கள். இல்லையென்றால் தண்ணீர் பின்னால் போய்த் தேங்கும். பல்லி முட்டையிலிருந்து எறும்புக் கூட்டம்வரை அங்கேதான் குடியேறும். மேல் விளிம்பில் அக்ரிலிக் சீலன்ட்டை மெல்லிய கோடாக விட்டு, ஈரவிரலால் ஒரே இழுப்பில் வழியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அதற்குள் மாப்பு போடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைப்பதும் ஒரு வேலைதான்.

மிச்சமான ஓரடித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். முனை சாத்திப் பார்க்கவும், தரையில் கோடு இழுக்கவும் அதுதான் அளவு. எங்கள் வீட்டுத் துண்டு இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. மெல்லிய ரம்பத்தையும் சேர்த்து வாங்கிப் போயிருக்கிறார்கள்.