பனிக்காலத்தில் கால்கரியிலிருந்து வான்கூவருக்கு இரண்டு பேராகக் காரில் போவது எப்படி

கனடாவின் கால்கரியிலிருந்து வான்கூவர் ஏறக்குறைய 970 கிலோமீட்டர். கோடையில் விடியற்காலை கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் அந்தக் கணக்கே வேண்டாம். வழியில் கிக்கிங் ஹார்ஸ் கணவாய் 1,600 மீட்டருக்கு மேல், ராஜர்ஸ் கணவாய் 1,330 மீட்டர், கோகிஹல்லா உச்சி 1,244 மீட்டர். மூன்று இடத்திலும் மூன்று விதமான வானிலை இருக்கும்.

என் நாத்தனார் குடும்பம் வான்கூவரை ஒட்டிய சர்ரேயில் இருக்கிறது. பொங்கலுக்கு நானும் என் கணவரும் காரில்தான் போகிறோம். கல்யாணமாகிப் புதிதாக இங்கே வந்த பெண்கள் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: காரில் இருக்கிற இரண்டு பேருக்கும் வேலை உண்டு. ஒருவர் ஸ்டியரிங்கைப் பார்க்க வேண்டும், மற்றவர் சாலையைப் படிக்க வேண்டும். உங்களுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் பாதிப் பயணம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். மலையும் அதற்குள் பனித்துகள் படமும் பொறித்த குளிர்கால டயர், நான்கு சக்கரத்துக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இந்த டயரின் ரப்பர் மிருதுவாகவே இருக்கும். வான்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டயரின் பள்ளம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். கால்கரி இருக்கிற ஆல்பர்ட்டா மாகாணத்தில் அப்படிச் சட்டம் இல்லை என்பதால் கால்கரியில் பலர் மாற்றாமலேயே கிளம்பிவிடுகிறார்கள். "நம்மளோடது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி" என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது.

அடுத்தது கண்ணாடி கழுவும் திரவம். மைனஸ் 40 என்று போட்ட கேனைத்தான் வாங்க வேண்டும். முன்னால் போகிற லாரி உப்பும் சேறும் கலந்த பனியை வாரி அடிக்கும்போது சில நொடியில் கண்ணாடி மங்கிவிடும். ஒரே நாளில் ஒரு கேன் முழுக்கத் தீர்ந்துபோகக்கூடும். இன்னொரு கேன் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

டிக்கியில் மண்வாரி, ஒரு பை மணல், ஜம்பர் கேபிள். கம்பளி, நெற்றி விளக்கு, தண்ணீர், சாப்பாடு எல்லாம் உள்ளே, பின்சீட்டில். டிக்கியில் வைத்தால் தண்ணீர் பாட்டில் கல்லாகிவிடும், இட்லியும் அப்படித்தான். நான் புளிசாதமும் ஒரு ஃப்ளாஸ்க் சுக்குக் காபியும் எடுத்துக்கொள்வேன். புளிசாதத்தைச் சூடு பண்ண வேண்டாம், சாலை மூடிவிட்டால் ராத்திரிக்கும் ஆகும். கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சீட் பெல்ட் மாட்டாதீர்கள். பெல்ட் உடம்போடு ஒட்டாமல் தளர்ந்து நிற்கும். ஏறுவதற்கு முன் காலணியைத் தட்டிப் பனியை உதறுங்கள். ஈர அடிப்பாகம் பிரேக்கில் வழுக்கும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, எஞ்சினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டரைச் செருகிவிட்டு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாலை நிலவரம் பாருங்கள். ஆல்பர்ட்டா பக்கத்துக்கு 511 ஆல்பர்ட்டா, மாகாண எல்லை தாண்டியதும் டிரைவ்பிசி, இரண்டுமே சாலை நிலவரம் சொல்லும் இணையதளங்கள். டிரைவ்பிசியில் கணவாய்களின் கேமராப் படங்கள் இருக்கின்றன. வெறும் எழுத்தைப் படிப்பதைவிட அந்தப் படத்தைப் பார்த்தால் நிலைமை சட்டென்று புரியும். பனிச்சரிவுத் தடுப்பு வேலைக்காகச் சாலையை எப்போது மூடப்போகிறார்கள் என்பதும் முடிந்தவரை முன்கூட்டியே வரும். ஜனவரி நடுவில் கால்கரியில் எட்டரைக்குத்தான் சூரியன் உதிக்கிறது, ஐந்து மணி சுமாருக்கு மறைந்துவிடுகிறது. அந்த வெளிச்சத்துக்குள், முதல் நாள் ராத்திரி தங்குகிற ரெவல்ஸ்டோக் போய்விட வேண்டும். 410 கிலோமீட்டர்தான், ஆனால் ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். ரெவல்ஸ்டோக்கில் அறை பதிவு செய்யும்போதே அதற்கு முன்னால் வருகிற கோல்டனிலும் ஒன்று, ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற மாதிரி பதிவு செய்துவையுங்கள். சாலை மூடினால் கோல்டனில் அறைகள் வேகமாக நிரம்பிவிடும்.

கான்மோர், பான்ஃப் வரை பெரிய சிரமம் இல்லை, மார்லி பக்கம் குறுக்குக் காற்றுதான் வண்டியைத் தள்ளும். தேசியப் பூங்காவுக்குள் நிற்காமல் போனால் அனுமதிச்சீட்டு வேண்டாம், நின்று பார்ப்பதாக இருந்தால் வேண்டும். லேக் லூயிஸ் தாண்டிக் கணவாய் ஏறி ஃபீல்டுக்கு இறங்கும்போது செங்குத்தான சரிவு. பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். வேகத்தைத் தானே பிடித்துவைக்கிற க்ரூஸ் கண்ட்ரோலை நாள் முழுக்கத் தொடக்கூடாது.

இங்கே பக்கத்து சீட்டுக்காரரின் வேலையைச் சொல்ல வேண்டும். "ஐயோ, பாத்து!" என்று கத்துவதால் ஓட்டுகிறவருக்கு ஒரு தகவலும் போய்ச் சேராது, பதறி பிரேக்கை மிதிப்பார், வண்டி வழுக்கும். என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள்: "முன்னால லாரி பிரேக் போடுது", "வலப்பக்கம் மான்", "பாலம் வருது". பாலம் முக்கியம், கீழேயும் காற்று ஓடுவதால் மற்றச் சாலைக்கு முன்பே அதில் ஐஸ் பிடிக்கும். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் மனதுக்குள் நொடிகளை எண்ணுங்கள். நம் வண்டி அந்தக் கம்பத்துக்கு வரும்போது எட்டாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்திலேயே வந்துவிட்டால் "அஞ்சுதான்" என்று சொன்னால் போதும். எங்கள் வண்டியில் அந்த ஒரு வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது.

வெளியே எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டே வருவதும் அவர் வேலைதான். மைனஸ் 20 என்றால் பயப்படுகிறோம், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நிம்மதியாகிறோம். சாலைக்கு இது நேர்மாறு. பூஜ்யத்தில் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். அதைவிட வழுக்குவது எதுவுமில்லை.

வண்டி வழுக்கினால் பக்கத்தில் இருப்பவர் வாயே திறக்கக்கூடாது. ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து, மெதுவாக ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக் போட்டே ஆக வேண்டும் என்றால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் வசதி) உள்ள வண்டியில் அழுத்தி அப்படியே பிடிக்க வேண்டும். பெடல் கடகடவென்று அதிரும், காலை எடுக்கக்கூடாது.

கோல்டனில் கட்டாயம் நிற்க வேண்டும். டேங்கை நிரப்புங்கள், கழிப்பறை போய் வாருங்கள், ஆள் மாற்றுங்கள். அங்கிருந்து ரெவல்ஸ்டோக் 148 கிலோமீட்டர், நடுவில் பெட்ரோல் கிடையாது, பெரும்பகுதியில் செல்போன் சிக்னலும் இல்லை. பெண்கள் பலர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். தலைவலியும் அசதியும் அதனால்தான் வருகின்றன. குடியுங்கள், நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் போய்விட்டு வாருங்கள்.

ராஜர்ஸ் கணவாயில் சாலைக்கு மேலே 130க்கும் அதிகமான பனிச்சரிவுத் தடங்கள் இருக்கின்றன. 1910 மார்ச் 4 அன்று, முதல் சரிவை வாரிக்கொண்டிருந்த ரயில்வே தொழிலாளர்கள் மேல் இரண்டாவது சரிவு விழுந்து 58 பேர் இறந்தார்கள். 1962இல் நெடுஞ்சாலை திறந்ததிலிருந்து ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதற்காகத்தான் சாலையை மூடுகிறார்கள். வரிசையில் ஓரிரு மணி நேரம் நிற்க நேர்ந்தால் எரிச்சல்படாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டே உட்கார்ந்திருக்காமல், குளிர் ஏறும்போது பத்து நிமிடம் போட்டு அணையுங்கள். போடுவதற்கு முன் ஒருவர் இறங்கி, புகைபோக்கியைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் விஷவாயு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நிற்கக்கூடாது என்று பலகை வைத்த இடத்தில் படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள். சாலையை மூடிய பனிக்கூரைகளுக்குள் நுழைந்தால் தரை காய்ந்திருக்கும், வேகம் தானாக ஏறும். வெளியே வரும் இடத்தில் ஐஸ் காத்திருக்கலாம், நுழைந்த வேகத்திலேயே வெளியே வாருங்கள். பனி வாரும் வண்டி முன்னால் போனால் முந்தாதீர்கள். அன்றைக்கு அதன் பின்னால்தான் நல்ல சாலை.

இனி ஒரு விதி. இருவரில் யார் முதலில் "இன்னைக்கு இங்கயே தங்கிடலாம்" என்று சொன்னாலும் மற்றவர் வாதம் பண்ணக்கூடாது. காரணம்கூடக் கேட்கக்கூடாது. ஒருமுறை கோல்டனில் வானம் கருத்ததைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார். எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் போகலாம் என்றுதான் பட்டது, பொங்கல் வேறு நெருங்கிவிட்டது. ஆனாலும் சரி என்று நாத்தனாருக்கு போன் போட்டேன். "மெதுவா வாங்க, கரும்பு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். அன்று ராத்திரி சாலை மூடித்தான் போனது. அது திறந்தே இருந்திருந்தாலும் அந்த முடிவு சரிதான். பயந்துபோன ஒருவரையும் பிடிவாதமான ஒருவரையும் ஏற்றிக்கொண்டு அந்த மலையைத் தாண்டவே கூடாது.

மறுநாள் ரெவல்ஸ்டோக்கிலிருந்து த்ரீ வேலி கேப் வரை கவனம் தேவை. அதைத் தாண்டியதும் கிரெய்கெல்லாக்கி வரும். 1885 நவம்பர் 7 அன்று கனடா பசிபிக் ரயில்பாதையின் கடைசி ஆணியை அடித்த இடம், கால் நீட்ட நல்ல நிறுத்தம். காம்லூப்ஸ் தாழ்ந்த, வறண்ட ஊர், வெயில்கூட அடிக்கும். அதில் ஏமாறாமல், கோகிஹல்லா கேமராவை அங்கேயே பார்த்துவிடுங்கள். மெரிட்டில் டேங்கை நிரப்புங்கள், அதற்கப்புறம் ஹோப் வரை பெட்ரோல் இல்லை. கடல் பக்கத்திலிருந்து வரும் ஈரம் இங்கே கனமான, பிசுபிசுத்த பனியாகக் கொட்டும். வேக வரம்பு மின்பலகைகளில் மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை ஓட்டுகிறவருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹோப்புக்கு இறங்கினால் பெரும்பாலும் மழைதான்.

சர்ரே போனதும் வண்டியின் அடிப்பக்கத்து உப்பைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். திரும்பும் நாளை யாரிடமும் உறுதியாகச் சொல்லாதீர்கள். ஆபீஸில் ஒரு நாள் விடுப்பு கூடுதலாகவே போட்டுவையுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மறுபடி இருவரும் உட்கார்ந்து, இந்தத் தடவை கோகிஹல்லாவிலிருந்து ஆரம்பித்து, கேமராக்களைப் பாருங்கள்.