பெசாக் குசினியில் நம்மவர் விடும் பிழைகள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் டொரொன்டோவில் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி, கேட்டரிங் செய்யும் குசினிகளுக்கு ஆள் போதாது. பெசாக் நெருங்கிவிடும். நமக்குப் பாஸ்கா என்று தெரிந்த அதே பண்டிகைதான். அப்போது வேலைக்கு வருகிறவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். கைவேகத்திலும் ருசியிலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் வேலை பழகிய காலத்தில் இந்தக் குசினிகளில் நடந்த அதே பிழைகள் இப்போதும் வருடம் தவறாமல் நடக்கின்றன. இந்த வருடமும் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பன்றி, இறால் கூடாது, இறைச்சியோடு பால் சேரக்கூடாது, பெசாக் வாரத்தில் பாண் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நான் யூதன் இல்லையே, நான் செய்தால் என்ன?"

விதியெல்லாம் யூதர்களுக்கு, நான் சைவக்காரன் அல்லது வேதக்காரன், ஆகவே அவர்கள் செய்யக்கூடாததை நான் செய்து கொடுத்தால் அது உதவிதானே என்ற நினைப்பு புதிதாக வருகிறவர்கள் பலரிடம் இருக்கிறது. இவ்வளவு நட்டம் தரும் நினைப்பு வேறு இல்லை. இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதால் யாரும் முன்கூட்டியே தடுப்பதில்லை.

விதி சாப்பாட்டுக்கும் இருக்கிறது. யூதர் அல்லாதவர் தானே அடுப்பு மூட்டித் தனியே சமைத்த இறைச்சியை, அதில் போட்ட ஒவ்வொரு பொருளும் கோஷராக இருந்தாலும், அவர்கள் சாப்பிட முடியாது. பச்சையாகச் சாப்பிட முடியாத, விருந்தில் வைக்கக்கூடிய சமையலுக்கெல்லாம் இது பொருந்தும். பழ சலாட்டுக்கு இல்லை. பிரிஸ்கெட் என்ற மாட்டு நெஞ்சிறைச்சி, கோழி சூப், உருளைக்கிழங்கைத் துருவி அவணில் சுட்டெடுக்கும் கூகல் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆகவேதான் காலையில் மஷ்கியாக், அதாவது குசினிக்குள்ளேயே நின்று கோஷர் விதிகளைக் கவனிக்கும் கண்காணிப்பாளர், தன் கையால் அடுப்பையும் அவணையும் மூட்டுகிறார். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி குடும்பங்களுக்கு அவர் நெருப்பு மூட்டினால் போதும், மீதிச் சமையலை நாம் செய்யலாம். ஸ்பெயின், வட ஆபிரிக்கா, மத்திய கிழக்கு வழிவந்த செபார்டி குடும்பங்கள் பலருக்கு அதுவும் போதாது. பானையை அடுப்பில் வைப்பதும் யூதர் கையால் நடக்க வேண்டும். ஓடர் எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதிவையுங்கள்.

ஒரு பெசாக் தொடங்கும் நாள். ஊரில் ஹோட்டலில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு தம்பி, நல்ல கெட்டிக்காரன். மதியம் அவணுக்குள் கொழுப்பு வடிந்து புகைந்தது. அவன் அவணை நிறுத்தினான், நன்றாகத் துடைத்தான், பொத்தானை அழுத்தி மறுபடி சூடேற்றி, அடுத்த தொகுதி பிரிஸ்கெட் தட்டுகளை உள்ளே தள்ளினான். வேறு எந்தக் குசினியிலும் இதற்குப் பாராட்டுத்தான் கிடைத்திருக்கும். மஷ்கியாக் அந்த நேரம் பின்னால் நின்று கீரைகளில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவர், வழக்கமாகக் கேட்பதைப்போல, "நான் போட்ட நெருப்பு அப்படியே இருக்கிறதா?" என்று கேட்டார். "நிறுத்தித் துடைத்து நானே திரும்பப் போட்டுவிட்டேன்" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

அவர் முகம் மாறியது. நிறுத்தும்போது இறைச்சி உள்ளே இருந்ததா என்று கேட்டார். கேள்விக்குக் காரணம் உண்டு. அவர் மூட்டிய நெருப்பில் இறைச்சி மூன்றில் ஒரு பங்காவது வெந்திருந்தால், பிறகு யார் சூடேற்றினாலும் அது தப்பும். ஆனால் உள்ளே போனது முழுக்கப் பச்சை இறைச்சி. தன் ரபையை, அதாவது மதகுருவை, தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். பதில் மாறவில்லை. வெந்து மணத்துக்கொண்டிருந்த அத்தனை தட்டும் குப்பைக்குப் போனது. அவணை உச்சச் சூட்டில் எரியவிட்டு மறுபடி கோஷராக்கும்வரை அதைத் தொட முடியவில்லை.

இதன் நட்டத்தைக் காசால் மட்டும் அளக்க முடியாது. வட அமெரிக்காவில் மாட்டின் முன்பக்க இறைச்சிதான் பெரும்பாலும் கோஷராக விற்பனைக்கு வருகிறது. அதிலும் பெசாக்குக்கு முன் எல்லோரும் தேடுவது பிரிஸ்கெட்டைத்தான். பண்டிகை தொடங்கும் நாளின் பின்நேரம் கோஷர் இறைச்சிக் கடையில் கதவைத் தட்டினாலும் ஆள் இருக்காது. பிரிஸ்கெட்டை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு மண்டபத்துக்கு அன்றிரவு கோழி மட்டும்தான் போனது.

அந்தத் தம்பியை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. "அவண் பொத்தானைத் தொடாதே" என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சூட்டுக்காயம் படாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். புதியவர்களை வேலைக்கு எடுக்கிற அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும் இதனால்தான் சொல்கிறேன், காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள். நெருப்பு அணைந்தால் முதல் வேலை கையை எடுத்துவிட்டு மஷ்கியாக்கைக் கூப்பிடுவது. நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும் அவண்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே யாரும் எதையும் நிறுத்தாமலே நெருப்பு போய்விடும்.

மண்டபத்தில் பரிமாறப் போகிறவர்களும், வயதானவர்களின் வீட்டில் பராமரிப்பு வேலை செய்கிறவர்களும் இதே நினைப்பில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஷபாத் அன்று, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவுவரையான ஓய்வு நாளில், அவர்கள் சுவிட்சைத் தொடமாட்டார்கள் என்று தெரியும், "பாவம், நானே சமைத்துக் கொடுக்கிறேன்" என்று தோன்றும். அவர்களுக்காக அன்று சமைத்ததை அன்று அவர்கள் சாப்பிட முடியாது. உங்களிடம் அதைக் கேட்கவும் அவர்களால் முடியாது. எது சரி, எது சரியில்லை என்பதைப் பண்டிகைக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவுசெய்துவிட வேண்டும்.

திறந்த வைன் போத்தல்

இதுவும் அதன் தொடர்ச்சிதான். செடர் என்ற பெசாக் விருந்துச் சடங்கு நடக்கும் இரவில் ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் வைன் குடிப்பார்கள். கோஷர் வைனில் இரண்டு வகை உண்டு. மெவுஷால் என்பது சூடாக்கப்பட்டது, அதை யார் ஊற்றினாலும் பிரச்சினை இல்லை. மற்ற வகையை யூதர் அல்லாதவர் திறந்து ஊற்றினால் அந்தப் போத்தலை அவர்கள் குடிக்கமாட்டார்கள். மூடி உடைக்காத போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைக்கலாம், அதோடு நிறுத்துங்கள். குசினிக்குச் சமையல் வைன் வாங்கும்போது மெவுஷால் என்று லேபலில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். நல்ல வைன் என்று யாரோ கொண்டுவந்து தந்த போத்தலைத் திறந்து இறைச்சிக் குழம்பில் ஊற்றினால், போனது வைனோடு முடியாது.

கலண்டரைப் பாராமல் மெனு எழுதுவது

மெனு எழுத உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டியது கலண்டர். 2026இல் பெசாக் ஏப்ரல் 1 புதன் மாலை, 2027இல் ஏப்ரல் 21 மாலை, அதுவும் புதன்தான். இஸ்ரேலுக்கு வெளியே முதல் இரண்டு நாளும் முழுப் பண்டிகை, இரண்டு இரவும் செடர். அப்படியென்றால் வியாழன், வெள்ளி பண்டிகை, அதோடு ஒட்டிக்கொண்டு சனி ஷபாத். புதன் பொழுது சாய்ந்தால் சனி இரவுவரை இடைவெளி இல்லை.

பண்டிகை நாளில் சமைக்கலாம், ஆனால் புதிதாக நெருப்பு மூட்டக்கூடாது. ஏற்கனவே எரிவதைத்தான் பாவிக்க வேண்டும். முதல் நாளில் இரண்டாம் இரவுக்கு எதையும் ஆயத்தம் செய்யக்கூடாது. வியாழன் இருட்டிய பிறகுதான் தொடங்கலாம். வெள்ளியன்று ஷபாத்துக்காகச் சமைக்க வேண்டுமானால், புதன் பொழுது சாய முன்பே வீட்டுக்காரர் ஒரு மட்சாவோடு, அதாவது புளிக்காத அப்பத்தோடு, அவித்த முட்டையோ மீன் துண்டோ எடுத்துவைத்து எருவ் தவ்ஷிலின் என்ற சடங்கைச் செய்திருக்க வேண்டும். ஷபாத் அன்று சமையலே இல்லை. இதெல்லாம் தெரியாமல் எழுதிய மெனுவில் வியாழன் மதியம் செய்ய வேண்டிய வேலைகள் நிறைந்திருக்கும். அவை எல்லாம் வெட்டுப்படும்.

2025இல் இன்னும் இறுக்கம். செடர் சனிக்கிழமை இரவு வந்தது, ஏப்ரல் 12. அன்று பகல் முழுவதும் ஷபாத் என்பதால் வெள்ளி மாலைக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தையும் கணக்கில் எடுங்கள். செடர் இருட்டிய பிறகுதான் தொடங்கும். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையை முதலில் வாசிப்பார்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பாட்டு உண்டு. சாப்பாடு மேசைக்கு வர இரவு பத்து மணியும் தாண்டும். அதுவரை 60 பாகைக்கு மேல் சூட்டில் இருந்தும் காயாத, கெடாத உணவுதான் அந்த மேசைக்குச் சரி. குழம்பிலே கிடக்கும் பிரிஸ்கெட், மட்சா உருண்டை போட்ட சூப், கிழங்குக் கூகல் எல்லாம் தாங்கும். நெருப்பில் வாட்டிய ஆட்டுத் தொடையை மெனுவில் போட ஆசைப்படாதீர்கள். அது காய்ந்துபோகும் என்பது ஒருபுறம். செடர் இரவில் வாட்டிய இறைச்சி சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது.

முட்டை

ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடையுங்கள். இரத்தப் புள்ளி இருந்தால் எறியுங்கள்.

மீனும் இறைச்சியும்

ஒரே தட்டில் வேண்டாம்.

பீங்கான், மண் பாத்திரம்

கொதிநீரில் முக்கி எடுத்தாலும் கோஷராகாது. உலோகப் பாத்திரம் ஆகும், ஆனால் அதற்கு முன் 24 மணி நேரம் பாவிக்காமல் வைத்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

'பி' என்ற எழுத்து

பொதிகளில் கோஷர் முத்திரைக்குப் பக்கத்தில் ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் அது பெசாக்குக்கு உகந்தது என்று அர்த்தம். இறைச்சியும் பாலும் சேராத பரெவ் என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். 'பி' போட்ட பட்டரும் உண்டு, சீஸும் உண்டு. அது இறைச்சிக் குசினிக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெங்காயம் வெட்டிய கத்தி

நம் சமையல் வெங்காயம், இஞ்சி, பூண்டில் தொடங்குகிறது. மரக்கறிதானே, எந்தக் கத்தியாலும் வெட்டலாம் என்று தோன்றும். உறைப்பும் காரமும் உள்ள பொருள் கத்தியில் ஊறியதை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் விதி. இறைச்சிக் கத்தியால் வெட்டிய வெங்காயத்தைப் பண்டிகையின் நடுநாட்களில் செய்யும் மட்சா, சீஸ் லசான்யாவில் போட முடியாது. விழுதாக அரைக்கும் கிரைண்டருக்கும் இதே கதை. வெங்காயத்துக்கென்று தனிக் கத்தியும் பலகையும் வாங்கி, நிற நாடா ஒட்டிவையுங்கள்.

வீட்டு அஞ்சறைப்பெட்டி

கொஞ்சம் உறைப்பும் வாசமும் கூட்டினால் நன்றாக இருக்குமே என்று வீட்டிலிருந்து தூள்களைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கிற பெருங்காயத்தைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல நேரம் கோதுமை மா கலந்திருக்கும். கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்று ஹமெட்ஸாகி, அதாவது நீர் பட்டுப் புளித்து, உணவில் சேர்ந்தால் பெசாக் வாரத்தில் அந்தச் சாப்பாடு போனது. மற்ற நாட்களில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தவறிக் கலந்துவிட்ட பொருளுக்கு ஓரளவு விலக்கு உண்டு. பெசாக் தொடங்கிவிட்டால் ஹமெட்ஸுக்கு அதுவும் இல்லை. ஒரு சிட்டிகை போதும், பானை நிறையச் சூப் வீணாகும்.

அடுத்தது கடுகு. அஷ்கெனாசி குடும்பங்கள் பெசாக்கில் கித்னியோத் வகையையும் சாப்பிடுவதில்லை. அரிசி, பருப்பு, சோளம், எள்ளு, கடுகு எல்லாம் அதில் அடங்கும். நல்லெண்ணெயில் கடுகு தாளித்தால் இரண்டுமே பிழை. செபார்டி குடும்பங்கள் பலர் அரிசி சாப்பிடுவார்கள், ஆனால் இரண்டு வகை விருந்தினரும் வரும் மண்டபத்துக்கு அரிசியே வேண்டாம் என்று வைப்பதுதான் பாதுகாப்பு. 2015இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவினரின் சட்டக் குழு கித்னியோத்தை அனுமதித்தது. அதைக் கேள்விப்பட்டு "இப்போது எல்லோரும் சாப்பிடலாமாம்" என்று யாராவது சொன்னால் நம்பி மெனுவை மாற்றாதீர்கள். பழைய விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஓர்தடொக்ஸ் வீடுகளில் எதுவும் மாறவில்லை.

கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெசாக் முத்திரையோடு வந்த மிளகையும் மஞ்சளையும் குசினியிலேயே எடுத்து, பச்சை இஞ்சியை இடித்துப் போட்டு, கடைசியில் எலுமிச்சம் புளியும் பூச்சி பார்த்துக் கழுவிய கொத்தமல்லி இலையும் சேர்த்தால் கோழிக்கு நம் கைப்பக்குவம் வந்துவிடும். எங்கள் குசினியில் இந்த மிளகுக் கோழியை முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன.