டிசபிலிட்டி கிராண்ட் முதல் மனநல மருத்துவமனை வரை: நம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

டர்பன் பக்கம் நம் வீடுகளில் ஒருவருக்கு மனநோய் வந்தாலும் சரி, விபத்தில் மூளையில் அடிபட்டாலும் சரி, முதல் வேலையாக அதை மூடி மறைக்கிறோம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், கோவிலில் நாலு பேர் கேட்பார்கள் என்ற கவலை. கவலை புரிகிறது. ஆனால் அரசு உதவி கேட்டுப் போகும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ பேருக்குக் கிடைக்க வேண்டிய உதவி இப்படித்தான் கைநழுவிப் போகிறது.

டிசபிலிட்டி கிராண்ட், அதாவது ஊனத்தால் வேலை செய்ய முடியாதவருக்கான மாத உதவித்தொகை, அதைத் தரும் அரசு முகமைதான் சாசா. அதன் மருத்துவப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அன்று காலையில் அண்ணனைக் குளிக்க வைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலை வாரி அழைத்துப் போகிறார்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்லிவிடுகிறார். டாக்டர் கண்ணுக்குத் தெரிவது சுத்தமான, அமைதியான ஒரு ஆள். போதாக்குறைக்கு, மூளையின் முன்பகுதியில் அடிபட்ட பலருக்குத் தங்களுக்கு என்ன குறை என்பதே தெரியாது. "நான் நல்லாத்தான் இருக்கேன், நாளைக்கே வேலைக்குப் போவேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

நோயின் பெயரை மட்டும் வைத்து இந்த கிராண்ட் கிடைக்காது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் வேலை செய்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை என்பது தெரிய வேண்டும். அதனால் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுப்பை அணைக்க மறந்தது, சொன்னதை அரைமணியில் திரும்பக் கேட்டது, கடையில் மீதிச் சில்லறை வாங்காமல் வந்தது, காரணமில்லாமல் கத்தியது, வலிப்பு வந்த நாள், யார் கூட இருந்து மாத்திரை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கிளினிக் கார்டு, மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது தந்த குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, மாத்திரை டப்பாக்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். அவரையே பேச விடுங்கள். அவர் தடுமாறினால் தடுமாறட்டும், டாக்டர் அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

தேதிகளிலும் நிறையக் கோட்டை விடுகிறோம். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கிராண்ட் கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டுத் தருவார்கள். அதனால் எல்லாத் தாளும் சேரட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள், தேதி போட்ட ரசீதையும் தொலைக்காதீர்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நீடிக்கும் குறைபாட்டுக்குத் தற்காலிக கிராண்ட், ஒரு வருடத்தைத் தாண்டினால் நிரந்தர கிராண்ட். தற்காலிகம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நினைப்பது பெரிய தவறு. கெடு முடிந்தால் பணம் நின்றுவிடும், மறுபடி பரிசோதனைக்குப் போக வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் பணத்தை எடுக்காமல் விட்டாலும் போய்விடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: தேவையான சிகிச்சையை மறுப்பவருக்கு இந்த கிராண்டை மறுக்கலாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளுங்கள், மாரியம்மனுக்கு விளக்குப் போடுங்கள். அது குடும்பத்துக்குத் தெம்பு. அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், கிளினிக் தேதியைத் தவற விடாதீர்கள்.

விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போக வேண்டாம். கடன் கொடுத்துவிட்டு கார்டையும் ரகசிய எண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும் மஷோனிசாவிடம் தயவுசெய்து போகவே போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

மறுத்துவிட்டால் காரணம் எழுதிய கடிதம் வரும். பலர் அதைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். பழைய தேதி அதோடு போச்சு. 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. கூடவே ஒருவர் முழுநேரமும் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை என்றால், டிசபிலிட்டி கிராண்டுக்கு மேலே இன்னொரு சிறு தொகையும் உண்டு. அதை நாமாகத்தான் கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் அதற்கு வேறு கிராண்ட். இந்தியாவிலிருந்து வேலை விசாவில் வந்தவர்கள் கவனிக்க: இவையெல்லாம் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் அகதிகளுக்கும்தான்.

சாலை விபத்தில் அடிபட்டிருந்தால் சாசாவோடு நின்றுவிடாதீர்கள். அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசின் சாலை விபத்து நிதி தனி வழி, தொகையும் பெரிது. மோதிய ஓட்டுநர் யாரென்று தெரிந்தால் மூன்று வருடத்துக்குள் கோர வேண்டும். மோதிவிட்டு ஓடிப்போனவன் என்றால் இரண்டே வருடம். தலைக்காயத்தில் உள்ள ஆபத்து, எலும்பு கூடியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றுவதுதான். வேலையில் நிலைக்க முடியாததும் கோபமும் மறதியும் மாதங்கள் கழித்துத்தான் வீட்டாருக்கு உறைக்கும். அதற்குள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. கடுமையான, நீண்டகால மன அல்லது நடத்தைக் கோளாறும் அந்தச் சட்டப்படி பெருங்காயம்தான். நரம்பியல் உளவியலாளர் பரிசோதிக்கும் முன் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அப்பாவின் பணம். "பவர் ஆஃப் அட்டார்னி எழுதி வாங்கி வச்சிருக்கோம், கவலை இல்லை" என்று நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள் அதிகம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்த அந்த நேரத்திலேயே அது செல்லாது. எதற்காக வாங்கினோமோ அந்த நாளில் அது வெறும் காகிதம். உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் (சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) மனநலச் சட்டத்தின் கீழ் அவர் பணத்தைப் பார்த்துக்கொள்ள நிர்வாகியை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம், அல்லது உயர் நீதிமன்றம் வழியாகக் காப்பாளர். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் மாஸ்டர் அலுவலகம் இருக்கிறது.

மனநோய் முற்றி, சிகிச்சைக்கும் வர மறுத்து, வீட்டில் ஆளுக்கு ஆள் பயந்து கிடக்கும் நேரத்தில் ஒரு தவறு நடக்கிறது. எப்படியாவது வெளியே கொண்டு போனால் போதும் என்று மகன் மேல் அடிதடி வழக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வழக்கு என்று ஆனால் வழி மாறிவிடும். நீதிமன்றம் உத்தரவிட்டு ஃபோர்ட் நேப்பியர் போன்ற மருத்துவமனையில் மனநிலையைக் கண்காணிக்க ஒரு படுக்கை கிடைக்கும் வரை சிறையில் காத்திருக்க நேரலாம். 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவினர் யாரும் மருத்துவமனையில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். கடைசி ஏழு நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். டாக்டர்கள் பார்த்துச் சரி என்றால் 72 மணி நேரம் வைத்துக் கவனித்து முடிவு செய்வார்கள். நோயால் தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு செய்துவிடுவார் என்ற நிலையில் போலீஸே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். போலீஸைக் கூப்பிடும்போது "இவர் மனநோயாளி, மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

சேர்த்துவிட்ட பிறகு "இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுங்குவதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான தவறாகப் பார்க்கிறேன். 2015இல் கௌதெங் மாகாண அரசு லைஃப் எசிடிமேனி என்ற தனியார் மனநல மருத்துவமனைகளோடு இருந்த ஒப்பந்தத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இடம் மாற்றப்பட்டார்கள், பலர் முறையான உரிமம் இல்லாத தொண்டு நிறுவனங்களுக்கு. 144 பேர் செத்தார்கள். பசியாலும் தண்ணீர் இல்லாமலும் செத்தவர்கள் அதில் உண்டு. தங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் தேடி அலைந்த குடும்பங்கள் பின்னால் முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனேகே நடத்திய விசாரணையில் சாட்சி சொன்னார்கள். அந்தக் குடும்பங்கள் ஒதுங்கி இருக்கவில்லை. முன்கூட்டியே எதிர்த்தவர்கள், நீதிமன்றம் வரை போனவர்கள் அவர்களில் உண்டு. அப்படியும் அது நடந்தது என்றால், யாருமே வந்து பார்க்காத ஒருவரின் நிலை என்ன?

உங்கள் ஆளை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறோம் என்று சொன்னால், புது இடத்தின் முகவரியை எழுத்தில் கேளுங்கள். சுகாதாரத் துறை உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோப்பும் மருந்துப் பட்டியலும் கூடவே போகிறதா, அங்கே எந்த டாக்டர் வருகிறார் என்று விசாரியுங்கள். முதல் வாரத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முறை போய் எடை குறைந்திருக்கிறதா, காலிலும் முதுகிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு தெரிந்தால் மாகாண மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அன்றே எழுதுங்கள்.