பாலியஸ்டர் துப்பட்டாவுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றுவது எப்படி?

கடையில் சின்னப் பாக்கெட்டில் கிடைக்கும் துணிச் சாயம் பெரும்பாலும் பருத்திக்கானது. அதில் பாலியஸ்டரை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அலசும்போது அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம்தான் வேண்டும். இது தண்ணீரில் கரையாது, நுண்ணிய தூளாக மிதக்கும். ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இழை இளகிச் சாயத்தை உள்ளே விடும். சாயப்பட்டறைகளில் அழுத்தக் கலனில் 130 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். நம் அடுப்பில் 100 டிகிரிதான் முடியும். அதனால் நடுத்தர நிறங்கள் அழகாக வரும். அட்டக்கருப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: அடர்நிறத்தை வெளிர்நிறமாக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் பாலியஸ்டர் சாயத்தை அவ்வளவாக அசைக்காது. இருக்கும் நிறத்தின் மேல்தான் புது நிறம் ஏறும். மஞ்சள் துப்பட்டாவில் நீலம் ஏற்றினால் பச்சைதான் கிடைக்கும்.

200 கிராம் எடையுள்ள ஜார்ஜெட் துப்பட்டாவுக்கு அளவு: நடுத்தர நிறத்துக்கு 4 கிராம் சாயம், அடர்நிறத்துக்கு 8 கிராம். தண்ணீர் 6 லிட்டர், வினிகர் 50 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன். சாயத்தைக் கரண்டியால் அளக்காதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. தூளைக் கொட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

முதலில் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாயத்தைத் தண்ணீரில் குழைப்பது. பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான். கொதிக்கிற தண்ணீரில் தூளை நேராகக் கொட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் திரள் துணியில் மிளகு தெளித்ததுபோல் புள்ளி புள்ளியாக உட்கார்ந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி அளவில், இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுத் தூளை விழுதாகக் குழையுங்கள். கட்டி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கால் லிட்டர் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பழைய மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். வடிகட்டிய துணியில் மணல்போல் ஏதாவது தங்கினால் அதைத் திரும்பக் குழைத்துச் சேருங்கள்.

உப்புத் தண்ணீரும் இதே தொல்லையைத் தரும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம் சாயத்தைத் திரட்டிவிடும். மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ நல்லது.

பாத்திரத்தில் தண்ணீர், வினிகர், சோப்புத் திரவம், வடிகட்டிய சாயம் எல்லாம் சேர்த்துக் கலக்குங்கள். பிஎச் தாள் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) இருந்தால் தொட்டுப் பாருங்கள், 5 வாக்கில் இருக்க வேண்டும். துணியை விரித்து இறக்கி, அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். கொதிநிலைக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். சட்டென்று சூடேறினால் முதலில் தொட்ட இடம் சாயத்தை இழுத்துக்கொண்டு திட்டுத் திட்டாகிவிடும். கொதி வந்தபின் ஒரு மணி நேரம் அதே சூட்டில், மரக்கரண்டியால் விடாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும்.

குக்கரில் போட்டால் 120 டிகிரி கிடைக்குமே என்று தோன்றலாம். வேண்டாம். மூடிய குக்கரில் துணியைப் புரட்ட முடியாது, நிறம் சீராக வராது. துணி போய் ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து.

அடுப்பை அணைத்ததும் துணியை வெளியே எடுக்காதீர்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் அப்போது விழும் சுருக்கம் அப்படியே படிந்துவிடும், இஸ்திரிக்கும் அசையாது. 60 டிகிரிக்கு இறங்கும்வரை அதே தண்ணீரில் கிடக்கட்டும். பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். இதில் சோம்பல் கூடாது: மேலே ஒட்டிய சாயம் வியர்வையோடு உரிந்து கழுத்தில் படும், சிலருக்குத் தோல் அரிப்பும் வரும்.

பிறகு சேர்த்தது: பாலியஸ்டர்-பருத்திக் கலப்புத் துணியில் பாலியஸ்டர் பங்கு மட்டுமே நிறமேறும், அதனால் நினைத்ததைவிட வெளிறித் தெரியும். ஸ்பான்டெக்ஸ் கலந்த லெக்கிங்ஸை இப்படிக் கொதிக்கவிட்டால் இழுவை போய்த் தொளதொளத்துவிடும். கம்பளிபோல் இருக்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் கொதிநீரில் உருமாறிவிடும், அதற்கு இந்த முறை வேண்டாம். நைலானுக்கு டிஸ்பர்ஸ் சாயம் ஏறும் என்றாலும், பட்டு, கம்பளிக்குப் போடும் ஆசிட் சாயமே நன்றாக நிற்கும். சாயமேற்றிய துணியை எப்போதும் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். அதிக சூட்டில் டிஸ்பர்ஸ் சாயம் ஆவியாகி, அடியில் விரித்த வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொள்ளும்.